சிறு சொல்லின் பெருங்கதை

ஆங்கில மொழியிலே ஆகப் பெரிய சொல் எது என்று கேட்டால், கெட்டிக்கார மாணவர்கள் முப்பது, நாற்பது எழுத்துக் கொண்ட ஒரு மருத்துவச் சொல்லை எங்கிருந்தாவது தேடிக் கொண்டுவந்து விடுவார்கள். எழுத்தெண்ணிப் பார்த்தால் அது சரியான விடைதான். ஆனால், அகராதியிலே ஒரு சொல் பிடித்துக்கொள்ளும் இடத்தை அளந்து பார்த்தால் விடை வேறாகிவிடும். 1989ஆம் ஆண்டு இருபது தொகுதிகளாக வெளிவந்த ஒக்ஸ்போர்ட் ஆங்கிலப் பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் ஆகக் கூடுதலான இடத்தைப் பிடித்துக்கொண்ட சொல் ‘செற்’ என்பதாகும். ஆங்கிலத்திலே மூன்றே எழுத்து. வாயைத் திறந்து மூடுவதற்குள் சொல்லி முடிந்துவிடும். அந்தச் சொல்லுக்கு அங்கே தரப்பட்ட பொருள்கள் 430. அவற்றை விளக்குவதற்குச் செலவான சொற்கள் ஏறத்தாழ 60,000. அவ்வளவு சொற்களைக் கொண்டு ஒரு நாவலையே எழுதிவிடலாம்.

தமிழ் படிப்பிக்கும் ஒருவனுக்கு ஆங்கிலச் சொல்லோடு என்ன வேலை என்று நேயர்கள் எண்ணக்கூடும். வேலை இருக்கிறது. இந்தச் சிறு சொல் எவ்வாறு இத்தனை பொருளைச் சேர்த்தது, அதனை யார் தேடி எழுதி வைத்தார்கள் என்ற வரலாற்றைப் படித்தபோது, எங்கள் சொற்களை நாங்கள் எவ்வாறு நடத்துகிறோம் என்ற கேள்வியே என் மனத்தில் திரும்பத் திரும்ப எழுந்தது. ஆகவே, இன்று ‘செற்’ என்ற சொல்லின் கதையைச் சொல்ல விரும்புகிறேன்.

மொழிபெயர்ப்புப் பயிற்சியிலே மாணவர்களை இந்தச் சொல் படாத பாடு படுத்துவதை நான் பல ஆண்டுகளாகக் கண்டு வருகிறேன். ‘செற் அவுட்’ என்றால் புறப்படுதல். என் மாணவன் ஒருவன், ‘அரசன் விடியற்காலையில் வெளியே வைத்தான்’ என்று எழுதியிருந்தான். சொல்லுக்குச் சொல் அவன் செய்தது பிழையன்று. ‘செற்’ என்றால் வை. ‘அவுட்’ என்றால் வெளியே. ஆனால் அரசன் எதை வெளியே வைத்தான்? மூன்று குதிரைகள் பூட்டிய தேரையா, பழைய சோற்றையா? வகுப்பு சிரித்தது. சிரித்து முடிந்த பின்னர் நான் அவர்களிடம் சொன்னேன்: ‘இந்த இடத்திலே தடுக்கி விழுந்தவர்கள் நீங்கள் மாத்திரம் அல்லர், அந்நியர்க்கு ஆங்கிலத்தில் உள்ள ஆகப் பெரிய இடர்ப்பாடு இதுதான் என்று ஆங்கில அகராதியின் பெருமகனாகிய சாமுவேல் ஜோன்சனே ஒப்புக்கொண்டிருக்கிறார்.’

முதலில் இச்சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். ஆங்கிலத்திலே ‘சிற்’ என்றால் இரு. ‘செற்’ என்றால் இருத்து. தன்வினை, பிறவினை என்று நாங்கள் இலக்கணத்திலே படிக்கிறோமே, அதே உறவுதான் இது. கிட என்பதற்கு ‘லை’, கிடத்து என்பதற்கு ‘லே’. விழு என்பதற்கு ‘ஃபோல்’, மரத்தை வெட்டி வீழ்த்துவதற்கு ‘ஃபெல்’. உயிரெழுத்து ஒன்று மாறத் தன்வினை பிறவினையாகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்திலேயே இந்த இணை இருந்தது. ஆகவே, இச்சொல்லின் ஆதிப் பொருள் மிக எளியது: ஒன்றை ஓரிடத்தில் இருத்துதல்.

இருத்தல் என்ற இந்த ஒரு விதையிலிருந்து கிளைகள் விட்டன. ஒன்றை இருத்துபவன் அதற்கு ஓர் இடம் குறிக்கிறான். ஆதலால் நாளைக் குறித்தல், விலையைத் தீர்த்தல், எல்லை வகுத்தல் யாவும் ‘செற்’ ஆயின. சரியாக இருத்தியது அசையாது. ஆதலால் அசையாமை, உறுதி என்ற பொருள் வந்தது. இளகியிருந்தது இறுகுவதும் ‘செற்’ ஆயிற்று. தயிர் உறைவதும் சீமெந்து இறுகுவதும் ஆங்கிலத்தில் ஒரே வினைதான். சூரியன் மறைவதற்கும் இதே சொல் வழங்குகிறது. அந்தியில் சூரியன் மறைவதை ‘இருக்கைக்குப் போதல்’ என்று சொல்லும் வழக்கம் பழைய ஆங்கிலத்தில் இருந்தது. பகல் முழுவதும் வானத்தில் நடந்து களைத்தவன் தன் ஆசனத்துக்குத் திரும்புகிறான் என்பது அந்தக் காலத்து உழவன் கண்ட காட்சி போலும்.

இதிலே இன்னொரு சுவையான செய்தி உண்டு. ஒரு கூட்டம், ஒரு தொகுதி என்ற பொருளிலும் ‘செற்’ வழங்குகிறது. ‘ஒரு செற் உடுப்பு’, ‘ஒரு செற் புத்தகம்’ என்று நாங்களும் சொல்கிறோம். ‘அவர்கள் ஒரு செற்’ என்று நண்பர் கூட்டத்தையும் குறிப்பிடுகிறோம். இந்தப் பெயர்ச்சொல்லின் வேர் வேறு. ஒருவரைப் பின்பற்றிச் செல்வோர் என்ற பொருளுடைய இலத்தீன் சொல்லொன்று பழைய பிரெஞ்சு மொழியினூடாக ஆங்கிலத்துக்கு வந்தது. சமயப் பிரிவைக் குறிக்கும் ‘செக்ற்’ என்ற சொல்லும் அதன் உடன்பிறப்பே. வந்த சொல் உருவத்தால் உள்ளூர்ச் சொல்லோடு ஒத்திருந்தமையால் இரண்டும் கலந்துவிட்டன. வெவ்வேறு மலையில் பிறந்த இரண்டு ஆறுகள் கீழே ஒன்றுசேர்ந்து ஒரே பெயரோடு ஓடுவதைப் போன்றது இது. இரண்டாகப் பிரித்துக் காட்டுவதற்கு வரலாறு தெரிந்த ஒருவர் வேண்டும்.

1066ஆம் ஆண்டு நோர்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றினார்கள். அரண்மனையிலும் நீதிமன்றிலும் பிரெஞ்சு ஏறி அமர்ந்தது. கோயிலிலும் கல்விக்கூடத்திலும் இலத்தீன் இருந்தது. ஆங்கிலம் வயலுக்கும் பட்டறைக்கும் அடுக்களைக்கும் போய்விட்டது. பிறகு ஆங்கிலம் மீண்டும் அரியணை ஏறியபோது பிரெஞ்சுச் சொற்கள் ஆயிரக்கணக்கில் அதனோடு சேர்ந்திருந்தன. ஆட்சி, சட்டம், கலை ஆகிய துறைகளின் பெரிய பெரிய சொற்களெல்லாம் அவ்வாறு வந்தவையே. ஆனால் வைத்தல், ஓடுதல், போதல், இருத்தல், நிற்றல் ஆகிய அன்றாட வினைகளுக்கு உழவனும் கொல்லனும் காத்து வைத்திருந்த ஓரசைச் சொற்களே நிலைத்தன. கல்வி குறைந்தவர்களின் வாயிலே கிடந்தமையாற்றான் அவை பிழைத்தன என்று சொன்னாலும் தவறில்லை.

பிழைத்த சொற்களுக்கு மதிப்பு மாத்திரம் உடனே கிடைக்கவில்லை. ஆங்கிலத்தின் முதல் ஒருமொழி அகராதி என்று சொல்லப்படும் றொபேட் கோட்ரியின் நூல் 1604இல் வெளிவந்தது. ஏறத்தாழ 2,500 சொற்கள். அத்தனையும் அருஞ்சொற்கள். யாவருக்கும் தெரிந்த சொல்லுக்கு அகராதி எதற்கு என்பது அக்கால எண்ணம். நூறு ஆண்டு கழித்து, 1702இல் வெளிவந்த ஜோன் கேர்சியின் அகராதியிலேதான் சாதாரண சொற்கள் வரிசையாக இடம்பெறத் தொடங்கின. சிறு சொல் வாசலைத் தாண்டி உள்ளே வருவதற்கு ஒரு நூற்றாண்டு பிடித்தது.

1755இல் ஜோன்சனின் புகழ்பெற்ற அகராதி வெளிவந்தது. நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களை அவர் விளக்கினார். பெரிய சொற்கள் அவரை அவ்வளவாக வருத்தவில்லை. வருத்தியவை சிறு வினைகளே. ‘செற்’, ‘கோ’, ‘றன்’, ‘ரேக்’ முதலிய வினைகளின் பொருள் மிகத் தளர்ந்து பரந்து கிடப்பதையும், அவற்றைப் பிடித்துக் கட்டுவது எவ்வளவு கடினம் என்பதையும் தம் முன்னுரையிலே அவர் எடுத்துச் சொல்லியிருக்கிறார். ‘ரேக்’ என்ற ஒரு வினைக்கு மாத்திரம் 134 பொருள் வகுத்தார். சிறு வினையோடு ‘இன்’, ‘அவுட்’, ‘ஓஃப்’ ஆகிய ஒட்டுக்கள் சேரும்போது பொருள் முற்றாக மாறிவிடுவதைக் கவனித்து அவற்றைத் திரட்டியவரும் அவரே. என் மாணவனை விழுத்திய ‘செற் அவுட்’ அந்தத் திரட்டிலே இருக்கிறது.

ஆயினும், இச்சொல்லின் முழு உருவத்தையும் காண்பதற்கு இன்னொரு முயற்சி வேண்டியிருந்தது. 1857ஆம் ஆண்டு இலண்டன் மொழியியற் கழகத்திலே றிச்சட் ட்ரெஞ்ச் என்ற சமய அறிஞர் இரண்டு உரைகள் நிகழ்த்தினார். அதுவரை வந்த ஆங்கில அகராதிகளின் குறைகள் என்பது பொருள். அகராதி செய்பவன் மொழியின் வரலாற்றாசிரியனே அன்றி, நல்ல சொல் கெட்ட சொல் என்று தீர்ப்புக் கூறும் நீதிபதி அல்லன் என்பது அவர் வற்புறுத்திய கருத்து. ஒவ்வொரு சொல்லும் எப்போது பிறந்தது, எந்தக் காலத்தில் எந்தப் பொருளை ஏற்றது, எந்தப் பொருள் எப்போது இறந்தது என்பவற்றை மேற்கோள்களோடு காட்ட வேண்டும் என்றார் அவர். இவ்வளவையும் ஒரு மனிதனால் படித்துத் தேட முடியாது. பலர் கூடிப் படிக்க வேண்டும் என்பதும் அவர் சொன்னதே.

அவ்வாறுதான் துண்டுத் தாள் முறை பிறந்தது. ஒரு சிறு தாளின் தலைப்பிலே சொல். அதன்கீழ் ஆண்டு, நூலின் பெயர், பக்கம். பின்னர் அச்சொல் வந்த வாக்கியம். இவ்வளவுதான். முதல் ஆசிரியராக இருந்த ஹேபேட் கோல்றிஜ் 1861இல் முப்பதே வயதில் இறந்துபோனார். வேலை நீண்ட காலம் தளர்ந்து கிடந்தது. 1879இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகம் பொறுப்பேற்றபோது, ஆசிரியராகத் தெரிவு செய்யப்பட்டவர் ஜேம்ஸ் மரே. அவர் பெரிய பேராசிரியர் அல்லர். ஸ்கொத்லாந்திலே ஒரு தையற்காரரின் மகன். பதினான்கு வயதோடு பள்ளிப் படிப்பை விட்டவர். தானாகப் பல மொழி கற்று, அப்போது மில் ஹில் என்ற இடத்திலே ஒரு பாடசாலை ஆசிரியராக இருந்தவர். எங்கள் தொழிலைச் செய்த ஒருவர் என்று எண்ணும்போது எனக்கு ஓர் உரிமை பிறக்கிறது.

பாடசாலைக்கு அருகே தகரத்தினால் ஒரு கொட்டகை அமைத்து மரே வேலையைத் தொடங்கினார். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த பொதுமக்கள் அனைவருக்கும் ஒரு வேண்டுகோளை அச்சிட்டு அனுப்பினார். பாதிரிமார், ஆசிரியர்கள், வீட்டுப் பெண்கள், ஓய்வுபெற்றவர்கள், மனநோய் மருத்துவமனை ஒன்றிலே அடைக்கப்பட்டிருந்த ஓர் அமெரிக்க இராணுவ வைத்தியர் உட்படப் பலரும் துண்டுத் தாள்களை எழுதி அனுப்பினார்கள். அவருடைய பிள்ளைகளும் உட்கார்ந்து தாள்களை அகர வரிசைப்படுத்தினார்கள். பத்து ஆண்டில் முடிக்கலாம் என்பது முதற் கணிப்பு. ஐந்தாவது ஆண்டில், 1884இல், வெளிவந்த முதற் பகுதி எறும்பைக் குறிக்கும் ‘அன்ற்’ என்ற சொல்லோடு நின்றது. ‘ஏ’ என்ற முதல் எழுத்தே இன்னும் முடியவில்லை! 1915இல் மரே காலமானபோது அவர் ‘ரீ’ என்ற எழுத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். அகராதி முற்றுப்பெற்ற ஆண்டு 1928. பத்துத் தொகுதிகள், நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள், பதினெட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மேற்கோள்கள்.

இவற்றிலே ‘செற்’ என்ற சொல் யாருடைய தலையில் விழுந்தது? ஹென்றி பிராட்லி என்பவருடைய தலையில். அவர் ஷெஃபீல்ட் நகரிலே கத்தி, கரண்டி செய்யும் நிறுவனமொன்றில் இருபது ஆண்டு எழுதுவினைஞராக இருந்தவர். அகராதியின் முதற் பகுதிக்கு அவர் எழுதிய மதிப்புரையின் நுட்பத்தைக் கண்டு, மரே அவரைத் தம்மோடு சேர்த்துக்கொண்டார். பிற்காலத்தில் அவரும் ஓர் ஆசிரியரானார். ‘செற்’ என்ற வினைச்சொல் மாத்திரம் பதினெட்டுப் பக்கங்களுக்கு மேல் போயிற்று. முதன்மைப் பிரிவுகள் 154. அவற்றுள் இறுதிப் பிரிவாகிய ‘செற் அப்’ என்பதன் உட்பிரிவுகளுக்கு அடையாளம் இடுவதற்கு ஆங்கில நெடுங்கணக்கின் இருபத்தாறு எழுத்தும் போதவில்லை. முதலில் இருந்து மறுபடியும் இரட்டை எழுத்துப் போட்டுத் தொடர வேண்டியதாயிற்று.

அந்தப் பக்கங்களில் இருப்பவர்கள் யார் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். பொற்கொல்லன் கல் பதிக்கிறான், அது ‘செற்’. வைத்தியன் முறிந்த எலும்பைப் பொருத்துகிறான், அதுவும் ‘செற்’. வேடன் பொறி வைக்கிறான். மாலுமி பாய் விரிக்கிறான். தோட்டக்காரன் கன்று நடுகிறான். தச்சன் வாளின் பற்களை ஒன்றுவிட்டு ஒன்றாய் இருபுறமும் சற்றே வளைத்து விடுகிறான். அந்த வளைவுக்குப் பெயர் ‘செற்’. அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துக்களைக் கோப்பவன் செய்வதும், பாடலுக்கு மெட்டமைப்பவன் செய்வதும், வினாத்தாள் தயாரிக்கும் எங்கள் வேலையும் அதே சொல்தான். நாடக மேடையின் காட்சியமைப்பும், டெனிஸ் ஆட்டத்தின் ஒரு சுற்றும் அதற்குள் அடங்கும். வானொலி வந்தபோது, பல உறுப்புக்களைச் சேர்த்து அமைத்த கருவி என்ற முறையில் அதனையும் ‘செற்’ என்றார்கள். இலங்கையிலே 1925இல் ஒலிபரப்பு ஆரம்பமான பின்னர், ‘றேடியோ செற்’ எங்கள் வீடுகளுக்குள்ளும் வந்தது. நீங்கள் கேட்கும் இந்தப் பேச்சும் ஒரு ‘செற்’றினூடாகத்தான் வருகிறது.

இவ்வளவு பொருளையும் ஒரு புலவர் சபை கூடி வகுத்து வழங்கவில்லை. ஒவ்வொரு தொழிலாளியும் தன் பட்டறையிலே கைக்கு எட்டிய சொல்லை எடுத்துத் தன் வேலைக்குப் பயன்படுத்தினான். புதிய கருவிக்குப் புதிய சொல் தேடி அவன் அலையவில்லை. 1945இல் அமெரிக்க அறிஞர் ஜோர்ஜ் சிப் இதற்கு ஒரு கணக்கும் காட்டினார். ஒரு சொல் எவ்வளவு அடிக்கடி வழங்குகிறதோ, அவ்வளவுக்கு அதன் பொருள்களும் பெருகும் என்பது அவருடைய முடிவு. 1897இலேயே பிரெஞ்சு அறிஞர் மிசேல் பிரெயால் ஒரு சொல் பல பொருள் ஏற்கும் இயல்புக்கு ஒரு கலைச்சொல்லை ஆக்கினார். ஒரு சொல் எத்தனை பொருளைச் சேர்த்திருக்கிறதோ அத்தனைக்கு அதைப் பேசும் சமூகத்தின் வாழ்வும் பலபட விரிந்திருக்கிறது என்று அவர் கருதினார். அவ்வாறாயின், பல பொருள் ஒரு சொல்லின் நோய் அன்று. அது உழைப்பின் தழும்பு.

‘செற்’ இப்போது முதலிடத்தில் இல்லை. ஒக்ஸ்போர்ட் அகராதியை முற்றாகத் திருத்தும் வேலை நடந்தபோது, 2011இல் ‘றன்’ என்ற சொல் அதனை முந்தியது. பீற்றர் கிலிவர் என்ற பதிப்பாசிரியர் ஒன்பது மாதம் அந்த ஒரு சொல்லோடு இருந்து, அவ்வினைக்கு 645 பொருள்களை வகுத்தார். காலால் ஓடுவதைக் குறித்த சொல் அது. ஆறு ஓடியது, மூக்கு ஒழுகியது, அதுவரை இயற்கையோடு நின்றது. பின்னர் ஆலைகள் வந்தன, நீராவி இயந்திரம் வந்தது, புகையிரதம் வந்தது. இயந்திரம் இயங்குவதும், தொழிற்சாலையை நடத்துவதும், தேர்தலில் நிற்பதும், கணினியில் ஒரு நிரலை இயக்குவதும் ‘றன்’ ஆயின. இருத்துதல் என்பது அமைதியான கைத்தொழிற் காலத்தின் சொல். ஓடுதல் இயந்திர யுகத்தின் சொல். ஒன்றை மற்றது முந்தியதிலே ஒரு நாகரிகத்தின் மாற்றமே தெரிகிறது.

கிரிக்கெற்றில் வரும் ‘றன்’ இதற்கு நல்ல உதாரணம். ஆரம்ப காலத்தில் எண்ணிக்கை வைப்பவர் ஒரு தடியிலே கத்தியால் வெட்டுக் குறி இடுவார். அதனால் அதற்கு ‘வெட்டு’ என்ற பொருளுடைய சொல்லே வழங்கியது. ஆட்டக்காரர் இரு முனைக்கும் இடையே ஓடியதால் ‘றன்’ என்ற சொல் நிலைத்தது. பிறகு பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிப் பறந்தால் ஒருவரும் ஓடாமலே ஆறு ‘றன்’ கிடைக்கலாயிற்று. ஓட்டமே இல்லாத ஓட்டம்! நாங்கள் அதனைத் தமிழிலே ‘ஓட்டம்’ என்றே பெயர்த்துக்கொண்டோம். 1996 மார்ச் 17ஆம் திகதி லாகூரிலே உலகக் கிண்ணத்தை வென்றபோது அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் பெற்றவை 107 ஓட்டங்கள். ‘ஓட்டம்’ என்ற பழைய தமிழ்ச் சொல்லுக்கு இவ்வாறு ஒரு புதிய பொருள் சேர்ந்தது. அது சேர்ந்த ஆண்டை, அதனை முதலில் அச்சிட்ட பத்திரிகையை எந்தத் தமிழ் அகராதியைத் திறந்து பார்க்கலாம்?

இங்கேதான் என் மனத்திலுள்ள கேள்விக்கு வருகிறேன். ஒரு சொல் பல பொருள் தரும் என்பதை ஆங்கிலேயரிடமிருந்து நாங்கள் அறிய வேண்டியதில்லை. தொல்காப்பியர் உரியியலிலே ‘கடி’ என்ற ஒரு சொல்லுக்குக் காவல், கூர்மை, புதுமை, விரைவு, அச்சம் முதலாகப் பத்துப் பொருள் எண்ணி, பின்னும் இரண்டு சேர்க்கிறார். திவாகரமும் சூடாமணியும் ஒரு சொற் பல்பொருளுக்கென்று தனித் தொகுதியே வகுத்தன. யாழ்ப்பாணத்திலே யோசேப் நைற் பாதிரியார் தொடங்கிய சொற்றொகுப்பு வேலை, 1862இல் வின்ஸ்லோவின் தமிழ் – ஆங்கில அகராதியாகச் சென்னையில் 67,000க்கு மேற்பட்ட சொற்களோடு முற்றியது. 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் தமிழ்ப் பேரகராதியை ஆறு தொகுதிகளாக வெளியிட்டது. 1939இல் அநுபந்தமும் வந்தது. 2008இல் வந்த க்ரியா அகராதியின் விரிவாக்கிய பதிப்பு இலங்கை வழக்குச் சொற்களைத் தனிக் குறிப்போடு தந்தது. இவை பெரும் பணிகள். இவற்றைச் செய்தவர்களை வணங்க வேண்டும்.

எனினும், ஒரு சொல்லின் பொருள் எந்த ஆண்டில் யாருடைய வாயில் மாறியது என்று காட்டும் வேலை பெரும்பாலும் இலக்கியச் சொல்லோடு நின்றுவிடுகிறது. வயலும் கடலும் பனங்கூடலும் வாய்மொழியாகவே இருக்கின்றன. ‘ஓடு’ என்ற வினையைப் பாருங்கள். ஆறு ஓடுகிறது, மணிக்கூடு ஓடுகிறது, படம் ஓடுகிறது, எனக்கு மூளை ஓடவில்லை. தமிழகத்திலே காரை ஓட்டுவார்கள். நாங்கள் காரை ஓடுவோம். ‘தம்பி நல்லாய்க் கார் ஓடுவான்’ என்கிறோம். தமிழக நண்பருக்கு அது இலக்கணப் பிழையாகத் தோன்றலாம். பிழையன்று, தன்வினையைச் செயப்படுபொருளோடு வழங்கும் எங்கள் மண்ணின் வழக்கு. பிராட்லி போன்ற ஒருவர் இருந்தால் அதற்கும் ஓர் எண் இட்டிருப்பார்.

‘படு’ என்ற வினை இன்னும் ஆழமானது. பாயிலே படுக்கிறோம், துன்பம் படுகிறோம், கண்ணிற் படுகிறது. பழந்தமிழிலே ஞாயிறு படும். ‘செற்’ போலவே சூரிய மறைவுக்கும் அது உரியது. எங்கள் கடற்கரையிலோ ‘இன்றைக்கு நல்லாய் மீன் பட்டது’ என்பார்கள். ‘மீன்பாடு எப்படி?’ என்று விசாரிப்பார்கள். கரைவலை இழுக்கும் இடத்துக்கும் ‘பாடு’ என்று பெயர். சங்கப் புலவனின் சொல்லும் சம்மாட்டியின் சொல்லும் ஒன்றே. புலவனின் பொருளுக்கு உரையாசிரியர் சான்று தந்தார். சம்மாட்டியின் பொருளுக்கு அவன் பேச்சே சான்று. அவன் கரையை விட்டுப் போய்விட்டால் சான்றும் போய்விடும்.

‘கச்சான்’ என்றால் எங்களுக்கு நிலக்கடலை. மேற்கேயிருந்து வீசும் காற்றும் கச்சான். ‘செற்’றைப் போல இரண்டு வேரா, ஒரு வேரின் இரண்டு கிளையா? நிலக்கடலை தென்னமெரிக்கப் பயிர். கொலம்பஸ் கடல் கடந்த பின்னரே அது கீழைத் தேசங்களுக்கு வந்தது. ஆகவே, கடலைப் பொருள் அதற்கு முற்பட்டதாக இருக்க முடியாது. இவ்வாறு ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் ஆண்டெல்லை கட்டுவதுதான் வரலாற்று அகராதியின் வேலை. கணிதத்தில் ‘செற்’ என்பதற்கு இலங்கைப் பாடநூல்கள் ‘தொடை’ என்றன. தமிழகம் ‘கணம்’ என்றது. பூத்தொடையையும் யாப்பின் தொடையையும் அறிந்த ஒருவர்தான் அந்தச் சொல்லைக் கணிதத்துக்கு எடுத்துக் கொடுத்திருப்பார். மாணவர்களோ தொடை என்றவுடன் உடலுறுப்பை நினைத்துச் சிரிக்கிறார்கள். சொல்லின் வரலாற்றைச் சொன்னால் சிரிப்பு அடங்கி, மோனைத் தொடையும் எண் தொடையும் ஒரே நூலிலே கோக்கப்பட்டவை என்று விளங்கிக்கொள்கிறார்கள்.

துலாவும் பட்டையும் போய் நீரிறைக்கும் இயந்திரம் வந்துவிட்டது. தளைநார், பாளைக்கத்தி, முட்டி என்று சொன்னால் அகராதி பார்க்கும் தலைமுறை வந்துவிட்டது. போரும் இடப்பெயர்வும் ஊர்களைக் கலைத்து, ஊரோடு சேர்ந்த பேச்சையும் கலைத்தன. பெரியவர்கள் ஒவ்வொருவராக விடைபெறும்போது ஒவ்வொரு தொழிலின் சொற்களும் அவர்களோடு போகின்றன. பெரிய சொற்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அவை நூல்களில் பத்திரமாக இருக்கின்றன. சிறு சொற்களின் தொழிற் பொருள்களே ஆபத்தில் இருக்கின்றன.

அதனால் என் வகுப்பிலே ஒரு சிறு வேலையைத் தொடங்கியிருக்கிறேன். வாரம் ஒரு சொல். தந்தையிடமோ பாட்டியிடமோ கேட்டு, அவர்கள் தொழிலில் வழங்கும் ஒரு சொல்லையும், அது வந்த முழு வாக்கியத்தையும், சொன்னவரின் ஊர், வயது, கேட்ட திகதி ஆகியவற்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிவர வேண்டும். விளக்கம் எழுதத் தேவையில்லை. விளக்கம் பிறகு வரும். வாக்கியம் சரியாக இருந்தால் போதும். தாள்கள் இப்போது இரண்டு சப்பாத்துப் பெட்டிகளை நிரப்பியிருக்கின்றன. ‘பிடி’ என்ற ஒரு சொல்லுக்கே பதினேழு தாள்கள் வந்திருக்கின்றன.

நேயர்களும் இதைச் செய்யலாம். மரே வேண்டிக்கொண்டதும் இவ்வளவுதான். அவருக்குத் துண்டு எழுதி அனுப்பியவர்களிற் பலர் தம் வாழ்நாளிலே அகராதி முடிந்ததைக் காணவில்லை. ஆயினும் தாள் இருந்தது, வாக்கியம் இருந்தது, ஆண்டு இருந்தது. பின்னால் வந்த ஒருவர் அவற்றை வரிசைப்படுத்திக்கொண்டார்.